கூரை மடக்கும் காரும் ஏழையின் பங்கும்

1964ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் பம்பாய் மாநகரிலே அகில உலக நற்கருணை மாநாடு நடைபெற்றபோது பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் நேரில் வந்து பங்குபற்றியமை மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும். வீதியின் இருமருங்கிலும் கூடிநின்ற மக்கள் தம்மைக் காணும்படி, மேலே திறந்த வெள்ளை நிற லிங்கன் கார் ஒன்றில் அவர் பவனி சென்றார். அமெரிக்க மக்கள் அவருக்கு அன்பளிப்பாக அளித்த கார் அது. நாடு திரும்பும் வேளையில் அக்காரை அவர் அன்னை தெரேசாவின் பணிக்கென்று கொடுத்துவிட்டுப் போனார்.

கல்கத்தாச் சேரிகளில் சாகக்கிடப்போரைத் தூக்கிக்கொண்டு திரிந்த ஒரு கன்னியாஸ்திரிக்கு அப்படிப்பட்ட கார் எதற்கு? அந்த ஒழுங்கைகளில் அது திரும்பவும் மாட்டாது. அதற்கு ஊற்றும் பெற்றோற் காசில் எத்தனையோ பேருக்குக் கஞ்சி வார்க்கலாம். அன்னை அதில் ஒரு தடவைதானும் சவாரி செய்யவில்லை என்று அவருடைய வாழ்க்கையை எழுதியோர் கூறுவர். காரைப் பரிசாக வைத்து அதிஷ்டலாபச் சீட்டு விற்றார். சும்மா விற்றிருந்தாற் கிடைத்திருக்கக்கூடிய தொகையிலும் மிகக் கூடிய தொகை சேர்ந்தது. மேற்கு வங்காளத்தில் அசன்சோல் நகருக்கு அண்மையில், அரசாங்கம் கொடுத்த காணியிலே, தொழுநோயாளர் தம் குடும்பத்தோடு வாழ்ந்து தொழில் செய்யும் சாந்தி நகர் என்னும் குடியிருப்பை அமைக்க அப்பணம் உதவியது.

ஆடம்பரப் பொருள் ஒன்றைத் தருமத்துக்குக் கொடுப்பதைப் பற்றி ஆராயப் புகுவோர்க்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கொடுக்கப்பட்ட பொருள் ஒன்று. ஏழைக்குக் கிடைத்த பொருள் வேறொன்று. இடையில் ஒருவர் நின்று, காரை ஆஸ்பத்திரிக் கட்டிடமாக மாற்றினார். அந்த இடையாள் யார், அவர் கையில் எவ்வளவு தங்குகிறது என்பதிலேதான் தருமத்தின் பலன் முழுவதும் தங்கியிருக்கிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிள்ளைகள் வாழும் குடும்பங்கள் நம்மிடையே இன்று அநேகம். அங்கே பழைய காரைத் தருமத்துக்குக் கொடுப்பது சர்வசாதாரண வழக்கம். நம் நாட்டிலே பழைய கார் என்றாற் பொக்கிஷம். 2020ஆம் ஆண்டு தொடங்கி 2025இன் ஆரம்பம் வரை தனியார் கார்களின் இறக்குமதி நின்றுபோயிருந்த காலத்தில், பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டிக்கும் என்ன விலை சொன்னார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே, அமெரிக்கர் ஒருவர் தொலைபேசியில் அழைத்துச் சொன்னதும் இழுவை வண்டி வீட்டுக்கு வந்து, ஒரு சதமும் வாங்காமல், அதேபோல ஒரு சதமும் கொடுக்காமல், காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறது என்றால் நம்மவர்க்கு வியப்பாகத்தான் இருக்கும். வானொலியிலும் வீதியோர விளம்பரப் பலகைகளிலும் அதற்கான அழைப்பு ஓயாமல் வந்துகொண்டிருக்கும். அங்குள்ள புனித வின்சென்ட் டி போல் சபையாரும் இவ்வாறு கார்களை ஏற்பதுண்டு.

முப்பத்தொன்றரை டொலர்

காரை இழுத்துச் சென்றபின் நடப்பது என்ன? பெரும்பாலும் அது தொண்டு ஸ்தாபனத்தின் வாசலுக்கே போவதில்லை. இதற்கென்றே தொழில் நடத்தும் கொம்பனி ஒன்று அதைப் பொறுப்பேற்று, வியாபாரிகள் கூடும் ஏலமுற்றத்துக்கு அனுப்பிவிடும். ஓடாத கார் இரும்பு விலைக்குப் போகும். கிடைத்த பணத்திலே இழுவைக் கூலி, ஏலக் கட்டணம், விளம்பரச் செலவு, கொம்பனியின் பங்கு எல்லாம் கழிந்து எஞ்சியதே தருமத்துக்கு.

2003ஆம் ஆண்டிலே அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் இவ்விடயத்தை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அவர்கள் 54 வாகனங்களை எடுத்து, ஒவ்வொன்றும் கொடுத்தவர் கையிலிருந்து தருமக் கணக்குக்குப் போய்ச் சேரும் வரை தொடர்ந்து பார்த்தனர். அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு வாகனங்களைப் பொறுத்தவரை, கொடுத்தவர் தம் வருமானவரிப் பத்திரத்தில் எழுதிய பெறுமதியின் நூற்றுக்கு ஐந்து வீதமோ அதனினும் குறைவோதான் தொண்டு ஸ்தாபனத்துக்குக் கிடைத்திருந்தது. 1983ஆம் ஆண்டுத் தயாரிப்பான ட்ரக் வண்டி ஒன்றின் கதை அதில் வருகிறது. அது ஏலத்தில் 375 டொலருக்கு விலைபோனது. செலவெல்லாம் கழிய மிஞ்சியது 63 டொலர். அதிலும் பாதியைக் கொம்பனி எடுத்துக்கொள்ள, தருமத்துக்குக் கிடைத்தது முப்பத்தொன்றரை டொலர். கொடுத்தவர் தம் வரிப் பத்திரத்தில் எழுதிய பெறுமதியோ 2,400 டொலர்!

இந்த மனிதர் பொய்யர் என்று நாம் உடனே தீர்ப்பிட வேண்டியதில்லை. பழைய வாகனங்களின் விலைப் புத்தகத்தைப் பார்த்து, அதிலிருந்த நல்ல விலையை எழுதியிருப்பார். அக்காலச் சட்டமும் சந்தைப் பெறுமதியை எழுத இடங்கொடுத்தது. ஆனால் தம் வண்டி அந்தப் புத்தகம் கூறும் நிலையில் இருந்ததா என்று அவர் தம் மனச்சாட்சியைக் கேட்டிருக்கலாம். வரிக் குறைப்பு வானத்திலிருந்து விழுவதில்லை. அது பொதுமக்கள் பணம். பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் போகவேண்டிய பங்கு அதில் உண்டு. முப்பத்தொன்றரை டொலர் தருமத்துக்காகப் பொதுப் பணப்பெட்டி அதனிலும் பல மடங்கை இழந்தால், ஏழைக்கு லாபமா நட்டமா என்பதைச் சிறு பிள்ளையும் கணக்கிட்டுச் சொல்லும்.

இந்த அறிக்கைக்குப் பின் சட்டம் மாறியது. 2004ஆம் ஆண்டு நிறைவேறி, 2005 தொடக்கம் நடைமுறைக்கு வந்த விதியின்படி, 500 டொலருக்கு மேற்பட்ட பெறுமதியுள்ளதென்று கூறப்படும் காரைத் தொண்டு ஸ்தாபனம் வாங்கியவாறே விற்றுவிட்டால், அது என்ன விலைக்குப் போனதோ அந்த விலையைத்தான் கொடுத்தவர் எழுதலாம். விற்று முப்பது நாட்களுக்குள் ஸ்தாபனம் அதற்கான பற்றுச்சீட்டைக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் எழுத முடியாது. இதற்கு மூன்று விலக்குகள் உண்டு. ஸ்தாபனம் காரைத் தன் பணிக்கே கணிசமான காலம் பாவித்தல், உதாரணமாக வீட்டோடு கிடக்கும் முதியோருக்கு நாள்தோறும் உணவு கொண்டுபோதல். அல்லது காரின் பெறுமதி உண்மையாகவே உயரும்படி பெரிய திருத்தம் செய்தல், கழுவிப் பூச்சுப் பூசுவது இதில் அடங்காது. அல்லது போக்குவரத்து வசதியற்ற ஏழை ஒருவருக்கு அதை இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுத்தல். இம்மூன்றில் ஒன்று நடந்தால் சந்தைப் பெறுமதியை எழுதலாம். அது 5,000 டொலருக்கு மேற்பட்டதாயின் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவரின் எழுத்தும் வேண்டும்.

இன்னொரு விடயத்தையும் விளம்பரங்கள் உரத்துச் சொல்வதில்லை. வரிக் குறைப்பு என்பது தம் செலவுகளையும் நன்கொடைகளையும் தனித்தனியாகப் பட்டியலிட்டுக் காட்டுவோருக்கே கிடைக்கும். 2017ஆம் ஆண்டின் வரிச் சட்டத்துக்குப் பின் பொதுக் கழிவு மிகவும் உயர்ந்துவிட்டது. 2024ஆம் ஆண்டுக்கு அது கணவன் மனைவி இருவருக்குமாக 29,200 டொலர். ஆதலாற் பெரும்பாலான குடும்பங்கள் பட்டியலிடுவதே இல்லை. அவர்களுக்குக் காரைக் கொடுத்ததற்காக ஒரு சத வரியும் குறையப்போவதில்லை. கனடாவில் விதி வேறு. அங்கே பற்றுச்சீட்டு சந்தைப் பெறுமதிக்கே எழுதப்படும். ஆனால் கொடுப்பவர் காரை வாங்கி மூன்று வருடத்துக்குட்பட்டதாயின், வாங்கிய விலை, இன்றைய பெறுமதி இரண்டில் எது குறைவோ அதுதான்.

பர்னபா செய்ததும் அனனியா செய்ததும்

அப்போஸ்தலர் பணி நூலின் 4ஆம், 5ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். சைப்பிரஸ் தீவினரான பர்னபா தம் நிலத்தைத் தாமே விற்று, அந்தப் பணத்தைக் கொண்டுவந்து அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தார். நிலத்தைக் கொண்டுவந்து அவர்கள் தலையிற் கட்டிவிட்டு, நீங்களே விற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. விலை பேசும் தொல்லை, ஆள் தேடும் அலைச்சல் எல்லாம் அவருடையது. அப்போஸ்தலருக்குக் கிடைத்தது பங்கிடத் தயாரான பணம்.

அடுத்த அதிகாரத்தில் வரும் அனனியாவும் சப்பிராவும் தங்கள் சொத்தை விற்று, விலையில் ஒரு பகுதியை ஒளித்துவைத்துக்கொண்டு, எஞ்சியதை முழுத்தொகை என்று காட்டினார்கள். புனித இராயப்பர் அவர்களைக் கண்டித்த முறையைக் கவனிக்க வேண்டும். சொத்து உன்னுடையது, விற்ற பணமும் உன் அதிகாரத்தில்தான் இருந்தது என்பதை அவரே ஒத்துக்கொள்கிறார். குறையக் கொடுத்தது குற்றமன்று. கொடுத்ததைப் பெருப்பித்துக் காட்டியதே குற்றம். வரிப் பத்திரம் நிரப்பும்போது இந்தத் தம்பதிகளை நினைத்துக்கொள்வது நல்லது. பெயர்ப் பலகை கேட்டு அடம்பிடிக்கும் நன்கொடையாளரும் நினைத்துக்கொள்ளலாம். அது வேறு கதை.

அந்தக் காரின் இயல்பு

இனி, நம் விடயமான கூரை மடக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு வருவோம். இது மற்றக் கார்களைப் போன்றதன்று. பெரும்பாலும் இரண்டு ஆசனம், பின்னால் இடமில்லை. பயணப் பெட்டி ஒன்று வைக்கவே இடம் போதாது. வெயிலும் இளங்காற்றும் உள்ள ஒரு மாலையில் கூரையை மடக்கி ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. இவ்வகையில் உலகில் அதிகம் விற்பனையானது 1989இல் வெளிவந்த ஜப்பானிய மஸ்டா எம்.எக்ஸ். 5 என்னும் கார். அமெரிக்காவில் மியாட்டா என்றாற் தெரியாதவர் இல்லை. 2016ஆம் ஆண்டோடு அதில் பத்து இலட்சம் கார்கள் செய்யப்பட்டுவிட்டன. ஆகவே பழைய மியாட்டா ஒன்று வீட்டுக் கராஜில் தூசு படிந்து கிடப்பது அங்கே அபூர்வமன்று. ஐம்பது வயதில் ஆசைக்கு வாங்கியவர் எழுபது வயதில் முழங்கால் நோவினாற் குனிந்து ஏற மாட்டாமல் விட்டுவிடுவார். அல்லது அவர் கண்மூடிய பின் மனைவி மக்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியாது. தருமத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்ற எண்ணம் அப்பொழுதுதான் வரும்.

நல்ல எண்ணந்தான். ஆனால் மேலே சொன்ன மூன்று விலக்கில் எதுவும் இந்தக் காருக்குப் பொருந்துவது அரிது. முதியோருக்கு உணவு கொண்டுபோக இதில் இடமில்லை. மூன்று பிள்ளைகளோடு தனித்துவிடப்பட்ட தாய் ஒருத்திக்கு இரண்டு ஆசனக் காரைக் கொடுத்து என்ன பயன்? அமெரிக்காவின் நாட்டுப்புறங்களில் பஸ் வண்டி கிடையாது. கார் இல்லையேல் வேலை இல்லை. அதை உணர்ந்து, 1996ஆம் ஆண்டு வெர்மொன்ட் மாநிலத்தின் பேர்லிங்டன் நகரில் லூத்தரன் சபையினரின் சமூக சேவையோடு சேர்ந்து ‘நற்செய்தி கராஜ்’ என்ற பெயரில் ஒரு முயற்சி தொடங்கப்பட்டது. நன்கொடையாக வந்த கார்களைத் திருத்தி, வேலைக்குப் போக வழியில்லாத குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். 1999இல் மேரிலாந்து மாநிலத்திலும் இத்தகைய பணி ஒன்று ஆரம்பமாயிற்று. பெயர் மிகப் பொருத்தம். ஓடாத வண்டி ஓடத் தொடங்குவது வேலை தேடுபவனுக்கு நற்செய்திதானே! ஆயினும் இப்படிப்பட்ட கராஜுக்கு வேண்டியது நாலு கதவுள்ள, அதிகம் பெற்றோல் குடியாத, உதிரிப்பாகம் மலிவான சாதாரணக் கார். ஸ்போர்ட்ஸ் கார் வந்தால் அதை விற்று அந்தப் பணத்தில் வேறொரு காரைத் திருத்துவதே அவர்களுக்கும் புத்தி.

ஆகவே இந்தக் கார் ஏழைக்குக் காராகப் பயன்படாது, பணமாகத்தான் பயன்படும். பணமாக்குவதிலே இதற்கொரு தனிக் குணம் இருக்கிறது. சாதாரணக் கார் எந்த ஏலத்திலும் ஏறக்குறைய தன் விலைக்குப் போகும். ஆசைக்கு வாங்கும் கார் அப்படியன்று. ஆசை உள்ளவன் கண்ணிற் பட்டாற்தான் விலை. பனிக்காலத்திலே, கூரை மடக்க எவருமே நினையாத நாளில், வியாபாரிகள் மட்டும் நிற்கும் ஏலமுற்றத்தில் அதைத் தள்ளினால் பாதி விலையும் வராது. அதே கார் வசந்தகாலம் தொடங்கும்போது, இவ்வகைக் கார்களை நேசிப்போரின் சங்கம் ஒன்றின் மூலம் விற்கப்பட்டால், முற்றத்து விலையைவிடக் கூடிய தொகைக்குப் போகக்கூடும்.

பழுதுகளும் தனியானவை. துணிக் கூரையில் விழும் மழைநீர், ஆசனங்களுக்குப் பின்னுள்ள சிறு வடிதுவாரங்கள் வழியாகக் கீழிறங்க வேண்டும். சருகு விழுந்து அவை அடைபட்டால் நீர் உள்ளே தேங்கி, கதவின் கீழுள்ள தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். முதற் தொடர் மியாட்டாக்களின் பின்சன்னல் கண்ணாடியன்று, பிளாஸ்டிக். வெயில் பட்டு மஞ்சளித்து வெடிக்கும். 60,000 மைலுக்கொரு முறை மாற்ற வேண்டிய டைமிங் பட்டியை மாற்றியதற்குச் சீட்டு இருக்கிறதா என்பதே வாங்குவோரின் முதற் கேள்விகளில் ஒன்று. துவாரத்தைச் சுத்தஞ்செய்து, புதுப் பற்றரி பூட்டி, திருத்த வேலைச் சீட்டுகளை ஒரு கோவையில் ஒழுங்காக அடுக்கி வைப்பதற்கு ஒரு சனிக்கிழமை போதும். அந்தச் சனிக்கிழமை வேலையும் தருமத்தின் பகுதியே. ஏழைக்குப் போகும் தொகையை அதுவே உயர்த்துகிறது.

இக்காரணங்களால், இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்களுக்கு நாம் கூறக்கூடிய ஆலோசனை பர்னபாவின் வழியே: நீங்களே நல்ல விலைக்கு விற்று, பணத்தைக் கொடுங்கள். இடையாள் பங்கு இல்லை. பெறுமதி பற்றிய சந்தேகமும் இல்லை. விற்க உடல்நிலையோ நேரமோ இடந்தராவிட்டால் மட்டும் காரையே கொடுக்கலாம். அப்போதும் மூன்று கேள்வி கேட்டபின் கொடுங்கள். விற்ற தொகையில் எவ்வளவு உங்கள் பணிக்குச் சேரும்? விற்பது நீங்களா, கொம்பனியா? எந்த இடத்தில், எப்போது விற்பீர்கள்? அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற பெரும்பாலான தொண்டு ஸ்தாபனங்கள் 990ஆம் இலக்கப் படிவத்தில் ஆண்டுக் கணக்குக் காட்ட வேண்டும். அதை எவரும் பார்வையிடலாம். கோயில்களும் சிறு ஸ்தாபனங்களும் இதற்கு விலக்கு. கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவாக நல்ல ஸ்தாபனம் எதுவும் கொள்ளாது.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: பாப்பரசர்கள் காரையே கொடுத்தார்களே, விற்று அல்லவே? உண்மை. 2017ஆம் ஆண்டு கார்த்திகையில் இத்தாலிய லம்போர்கினிக் கொம்பனி தன் ஹுராகான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை, வெள்ளையும் பொன்னிறமுமாக அலங்கரித்து, பாப்பரசர் பிரான்சிஸுக்கு அளித்தது. அவர் அதன் முன்மூடியில் தம் கையொப்பத்தை இட்டு, ஏலத்துக்கு அனுப்பிவிட்டார். 2018 வைகாசியில் மொனாக்கோவில் அது 7,15,000 யூரோவுக்கு ஏலம் போயிற்று. அவ்வகைக் காரின் சாதாரண விலையிலும் இது மிக மிகக் கூடியது. கூடியது கையொப்பத்தின் விலை. அப்பணத்திற் பெரும்பங்கு, ஈராக்கின் நினிவே சமவெளியில் ஊர்விட்டு ஓடிய கிறிஸ்தவர்களின் வீடுகளையும் கோயில்களையும் மீளக் கட்ட ஒதுக்கப்பட்டது. ஒரு பங்கு விற்கப்பட்ட பெண்களை மீட்டுக் காக்கும் பணிக்கும், மற்றது ஆபிரிக்காவில் நடக்கும் மருத்துவப் பணிகளுக்கும் போயிற்று. 2013இல் அவருக்குக் கிடைத்த ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளும் பாரிஸ் ஏலத்தில் 2,41,500 யூரோவாகி, றோமாபுரி புகையிரத நிலையத்தருகே வீடற்றோருக்குக் கரித்தாஸ் நடத்தும் விடுதிக்கு உதவிற்று. நம்முடைய கையொப்பத்துக்கு எந்த ஏலத்திலும் விலை ஏறாது என்பதால், நாம் இடையாளின் திறமையையும் நேர்மையையும் பார்த்தே தீரவேண்டும்.

அதே பாப்பரசர் இன்னொரு திறந்த வாகனத்தை விற்காமலே கொடுத்தார். 2014இல் பெத்லகேமில் அவர் பவனி சென்ற மிட்சுபிஷி வண்டி அங்கேயே நின்றிருந்தது. காசாப் பகுதிச் சிறுவருக்கான நடமாடும் வைத்திய வண்டியாக அதை மாற்றும்படி தம் இறுதி மாதங்களில் அவர் கேட்டுக்கொண்டதாக 2025 வைகாசியில் கரித்தாஸ் அறிவித்தது. பின்னால் தட்டுள்ள வண்டி அது. மருந்துப் பெட்டியும் தாதியும் ஏற இடமுண்டு. அதனால் அது வாகனமாகவே பயன்பட முடிந்தது. லம்போர்கினியில் அது நடவாது. எதை விற்பது, எதை அப்படியே கொடுப்பது என்பதை அந்தந்தப் பொருளின் உருவமே சொல்லிவிடுகிறது.

காரையே கொடுப்பதென்று முடிவுசெய்தவர்கள் கடைசியாகச் செய்யவேண்டிய எழுத்து வேலைகள் சில உள. உரிமைப் பத்திரத்தில் வாங்குவோர் பெயரை வெறுமையாக விட்டுக் கையொப்பமிடும்படி இழுவை வண்டிக்காரர் கேட்பதுண்டு. அவ்வாறு செய்யாமல் தொண்டு ஸ்தாபனத்தின் பெயரை எழுதியே கொடுக்க வேண்டும். தகப்பனார் காலமானபின் பிள்ளைகள் கொடுப்பதாயின், அவருடைய ஆதனத்தைப் பொறுப்பேற்றவர் கையொப்பமிட்டாலன்றி அது செல்லாது. கார் முற்றத்தை விட்டுப் போகுமுன் ஆசனத்தின் கீழும் பெட்டிக்குள்ளும் பார்த்துக்கொள்ள வேண்டும்; செபமாலையும் பழைய படங்களும் எத்தனையோ கார்களோடு ஏலமுற்றம் போயிருக்கின்றன. மாநில விதிப்படி இலக்கத் தகடுகளைக் கழற்றி, கைமாறியதை வாகனப் பதிவு அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால், வாங்கியவர் எங்கோ ஒரு பாலத்தில் கட்டாமல் ஓடிய சுங்கமும், தடை செய்த இடத்தில் நிறுத்திய தண்டமும் கொடுத்தவர் வீட்டுத் தபாற்பெட்டிக்குத்தான் வந்துகொண்டிருக்கும்.